கேமராப் பெட்டிகளோடு வெளிநாடு போகிறீர்களா? கூடுதல் கட்டணத்தில் சிக்காமல் போய்வர ஒரு வழிகாட்டி

விமான டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் தொகை உங்களுக்கானது. உங்கள் பெட்டிகளுக்கான தொகை வேறு. அது எவ்வளவு என்பது பெரும்பாலும் செக்-இன் கவுண்டரில்தான் தெரியவரும். பின்னால் நீண்ட வரிசை நிற்கும், விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும், சொன்ன தொகையைக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்கள், அதாவது ஆவணப்படம் எடுப்பவர்கள், வெளிநாட்டுத் திருமணங்களைப் படம்பிடிக்கப் போகிறவர்கள், நிறுவனங்களுக்கு வீடியோ செய்து கொடுப்பவர்கள், மொத்த வேலையின் லாபத்தையும் இந்தக் கவுண்டரில் இழந்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவும் அங்கே பணத்தைக் கொட்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, கேட்டு, எழுதி வாங்கிப் பழகினோம். சென்னையிலிருந்து கருவிகளோடு முதல்முறை கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து அதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. டிக்கெட் தேடுவதற்கு முன்னால் தராசை எடுங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் மலிவான டிக்கெட்டை வாங்கிவிட்டு, கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பெட்டியை எடை போடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். எந்தக் கருவி, அதன் சீரியல் எண், எடை, விலை, எந்தப் பெட்டியில் போகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். விமான நிறுவனம், சுங்கத் துறை, காப்பீட்டு நிறுவனம் மூன்றுக்கும் இதே பட்டியல்தான் பின்னால் தேவைப்படும். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.

எடை போடும்போது பெட்டியையும் சேர்த்து எடை போடுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகள் கருவியைக் காப்பாற்றும், ஆனால் எடை அனுமதியைத் தின்றுவிடும். கேபினில் எடுத்துப் போகவென்றே பலரும் வாங்கும் பெலிக்கன் 1510 பெட்டி, உள்ளே ஸ்பாஞ்சோடு, காலியாகவே சுமார் 6 கிலோ இருக்கும். நம் ஊரிலிருந்து கிளம்பும் பல விமானங்களில் கேபின் பைக்கு எடை வரம்பு 7 கிலோ. அதாவது ஒரு லென்ஸ் வைத்தாலே வரம்பு தாண்டிவிடும். கேபினுக்கு மெத்தை வைத்த துணிப் பை போதும். கெட்டிப் பெட்டி கீழே சரக்கறைக்குப் போகும் கருவிகளுக்கு மட்டும்.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதைப் போகிற ஊரில் வாடகைக்கு எடுக்க முடியாதா? லைட் ஸ்டாண்ட், பெரிய ட்ரைபாட், சி-ஸ்டாண்ட், கேமராவை நகர்த்தும் தண்டவாளம் போன்ற வெறும் இரும்பைக் கடல் தாண்டித் தூக்கிப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூர், துபாய், லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் இவையெல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. கேமரா, லென்ஸ், ஒலிப்பதிவுக் கருவி ஆகியவை உங்கள் கைக்குப் பழகியவை, அவற்றைக் கொண்டுபோங்கள். எடை அதிகம், விலை குறைவு என்ற வகையில் வரும் எதையும் இங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் என் பரிந்துரை.

2. எடைக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று பாருங்கள்

விமான நிறுவனங்கள் இரண்டு வழிகளில் பெட்டிகளைக் கணக்கிடுகின்றன. ஒன்று மொத்த எடை: உதாரணமாக ஆளுக்கு 30 கிலோ, எத்தனை பெட்டியாக வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று எண்ணிக்கை: ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள். அமெரிக்கா, கனடா வழித்தடங்களில் எண்ணிக்கைக் கணக்குதான். வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போகும் பல விமானங்களில் எடைக் கணக்கு.

இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணிக்கைக் கணக்கில் ஒரு பெட்டி 31 கிலோவும் மற்றொன்று 15 கிலோவும் இருந்தால், "மொத்தம் 46 கிலோதானே?" என்ற வாதம் செல்லாது. 31 கிலோ பெட்டிக்கு அதிக எடைக் கட்டணம் விழும். பெட்டியின் அளவுக்கும் வரம்பு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நீளமான ட்ரைபாட் குழாய், ஸ்லைடர், பின்னணித் திரைக் கம்பி எல்லாம் எடை குறைவாக இருந்தும் இந்த அளவில் மாட்டிக்கொள்ளும். கூடுதல் பெட்டி, அதிக எடை, அதிக அளவு என்று மூன்று தனிக் கட்டணங்கள் இருக்கின்றன. ஒரே பெட்டிக்கு மூன்றையும் சேர்த்து வசூலிக்கும் நிறுவனங்களும் உண்டு. மூன்றாவது பெட்டியாக 28 கிலோ எடையும் 170 செ.மீ. கூட்டளவும் கொண்ட ஒன்றைக் கொண்டுபோவதற்கு முன்னால், அதே பொருளை இரண்டு சிறு பெட்டிகளாகப் பிரித்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிரிப்பதே மலிவு.

எடைக் கணக்கில் ஒரு வசதி உண்டு. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே டிக்கெட் பதிவு எண்ணில், போகும் குழு ஒன்றாக நின்று செக்-இன் செய்தால், பெரும்பாலும் எல்லோருடைய எடை அனுமதியையும் கூட்டிக் கணக்கிடுவார்கள். ஆளுக்கு ஒரு டிக்கெட்டாகத் தனித்தனியே வாங்கினால் இந்த வசதி கைநழுவிவிடும். எனவே குழு முழுவதற்கும் ஒரே பதிவு.

எந்தக் கணக்காக இருந்தாலும் 32 கிலோ என்ற எண்ணை மறக்காதீர்கள். சுமை தூக்கும் ஊழியர்களின் உடல்நலத்துக்காக வைத்த வரம்பு இது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டத் தயாராக இருந்தாலும் பெரும்பாலான விமானங்கள் ஏற்காது. கவுண்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து பொருள்களைப் பிரிக்கச் சொல்வார்கள். மடித்து வைத்த காலித் துணிப்பை ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

3. வழியில் யாருடைய விதி செல்லும் என்று கண்டுபிடியுங்கள்

ஒரு நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட் வாங்குவீர்கள், பறப்பது இன்னொரு நிறுவனத்தின் விமானமாக இருக்கும். இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்த பயணத்தில் எந்த நிறுவனத்தின் விதி பெட்டிகளுக்குப் பொருந்தும் என்பது டிக்கெட்டில்தான் இருக்கிறது. மின் டிக்கெட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே 2பிசி, 30கே என்பது போலக் குறித்திருப்பார்கள். முதலாவது இரண்டு பெட்டி, இரண்டாவது 30 கிலோ. இணைய முகவர் தளத்தின் விளம்பரப் பக்கத்தில் இருப்பதை நம்பாதீர்கள். டிக்கெட்டில் உள்ள அந்தக் குறிதான் கவுண்டரில் செல்லும். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் பயணங்களில், ஒரே டிக்கெட்டாக இருந்தால், தொடக்கத்தில் பொருந்திய பெட்டி விதியே பயணம் முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்று அந்நாட்டு விதி சொல்கிறது. நடுவழியில் வேறு கட்டணம் கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் பணத்தை இழப்பது உள்நாட்டு இணைப்பில்தான். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து லண்டனுக்குத் தனி டிக்கெட் என்று வாங்குகிறார்கள். லண்டன் டிக்கெட்டில் 46 கிலோ அனுமதி இருக்கும். மதுரை டிக்கெட்டிலோ சாதாரண எகானமியில் பெரும்பாலும் 15 கிலோதான். மீதி 31 கிலோவுக்கு, ஒரு குறுகிய பயணத்துக்காக, கிலோக் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 18,600 ரூபாய். மூன்று பேருக்கு 55,800. மதுரையிலிருந்து லண்டன் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் சர்வதேச அனுமதியே முழுவதற்கும் பொருந்தும், இந்தச் செலவு இல்லை. ஒரே டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் சென்னை வரை ரயிலில் வாருங்கள். ரயிலில் மூன்றடுக்கு ஏசிக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசிக்கு 50 கிலோ கட்டணமின்றி எடுத்துவரலாம். ஆனால் பெட்டியின் அளவுக்கு அங்கும் வரம்பு உண்டு. பெரிய பெட்டிகளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, பிரேக் வேன் எனப்படும் ரயிலின் சரக்குப் பகுதியில் ஏற்ற வேண்டும்.

ஏடிஆர் போன்ற சிறு விமானங்கள் பறக்கும் வழித்தடமென்றால் இன்னொரு கவனம் தேவை. அவற்றில் தலைக்கு மேலுள்ள பெட்டகம் சிறியது. உங்கள் கேமராப் பையை விமானத்தின் வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடக்கூடும். கீழே போகும் பையில் உதிரி பேட்டரி இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் பையைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. பேட்டரிகளை ஆரம்பத்திலேயே தனிச் சிறு பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

4. கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், முன்பே கட்டுங்கள்

வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் கேட்டால் ஒருவர் ஒன்று சொல்வார், அடுத்தவர் வேறொன்று சொல்வார். எங்கள் குழுவுக்கு ஒருமுறை தொலைபேசியில் சொன்ன தொகைக்கும் கவுண்டரில் கேட்ட தொகைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. "போனில் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அன்றிலிருந்து மின்னஞ்சலில் மட்டுமே கேட்கிறோம். பிஎன்ஆர் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் எடையும் அளவும், போகும் வழி, திரும்பும் வழி எல்லாவற்றையும் எழுதி, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் அந்தத் தாளை நீட்டினால் மேலாளரை அழைப்பார்கள். பேச்சு அங்கிருந்து வேறு விதமாகப் போகும்.

கூடுதல் எடையை இணையத்தில் முன்பே வாங்கினால் விமான நிலைய விலையைவிடக் குறைவாக இருக்கும். விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே இந்த வசதி மூடப்பட்டுவிடும். கெடுவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய எடையைப் பயன்படுத்தாவிட்டால் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. எனவே சரியாக எடை போட்ட பிறகே வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி ரசீது கேட்க மறக்காதீர்கள். டிக்கெட்டுக்கு ரசீது வாங்கும் பலர் கூடுதல் பெட்டிக் கட்டணத்துக்கு வாங்குவதில்லை.

கட்டணம் ஒவ்வொரு வழிக்கும் தனி. போகும்போது 40 கிலோ கூடுதல், கிலோ 600 ரூபாய் என்றால் 24,000. திரும்பும்போது மீண்டும் அதே அளவு. அதுவும் அந்த நாட்டு நாணயத்தில், அந்த நாட்டு விலையில். வாடிக்கையாளருக்கு மதிப்பீடு கொடுக்கும்போதே "கருவிகள் கொண்டுசெல்லும் கட்டணம், போகவர" என்று தனி வரி போடுங்கள். பிறகு கேட்டால் யாரும் தருவதில்லை.

இன்னும் மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவது, குழுவில் ஒருவருக்கு மட்டும் உயர் வகுப்பு டிக்கெட் எடுப்பது. எண்ணிக்கைக் கணக்குள்ள பல வழித்தடங்களில் பிசினஸ் வகுப்புக்கு 32 கிலோ வீதம் இரண்டு பெட்டி அனுமதி உண்டு. சலுகை விலையில் கிடைத்தால் கூடுதல் கட்டணத்தைவிட இது மலிவாக முடிவதுண்டு, கருவிகளும் முன்னுரிமையில் இறங்கும். இரண்டாவது, ஊடகக் கட்டணம். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களான டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகியவை தொலைக்காட்சி, திரைப்படக் குழுக்களின் கருவிப் பெட்டிகளுக்குக் குறைந்த கட்டணம் வைத்திருக்கின்றன. நிறுவன அடையாள அட்டையோ கடிதமோ காட்ட வேண்டும். கவுண்டர் ஊழியர் அவராகவே இதைச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். மூன்றாவது, மிக நுட்பமான கருவிக்குப் பக்கத்து இருக்கையையே வாங்குவது. இதை நிறுவனத்தோடு நேரடியாகப் பேசித்தான் பதிய முடியும். முகவர் தளங்களில் கற்பனைப் பெயரில் ஓர் இருக்கை வாங்கினால் அந்தப் பணம் வீண்.

5. பேட்டரிகளைத் தனியாகக் கணக்கெடுங்கள்

கருவியில் பொருத்தாத உதிரி லித்தியம் பேட்டரிகள் கேபினில் மட்டும்தான் வரலாம். செக்-இன் பெட்டியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. எக்ஸ்-ரேயில் தெரிந்தால் பெட்டியை நிறுத்தி உங்களைத் தேடி அழைப்பார்கள். நீங்கள் வருவதற்குள் விமானம் கிளம்பினால் பெட்டி இங்கேயே நிற்கும்.

அளவு வாட்-மணியில் பார்க்கப்படுகிறது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு ஆளுக்கு இரண்டு உதிரிகள். 160-க்கு மேல் பயணி எடுத்துப்போக முடியாது. பேட்டரியில் வாட்-மணி அச்சாகவில்லை என்றால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி என்றால் 98, தாராளமாகப் போகலாம். அதே வோல்ட்டில் 10.4 ஆம்பியர்-மணி என்றால் 150, அனுமதி வேண்டும். கேமராவின் பின்னால் மாட்டும் பெரிய வி-மவுண்ட் பேட்டரி வாங்கும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டு வேலைக்கு 98 வாட்-மணி அளவிலேயே வாங்குங்கள். எழுத்து அழிந்த பழைய பேட்டரிகளை வீட்டிலேயே விடுங்கள். அச்சு தெரியாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் வாதாட வழியில்லை.

முனைகளை டேப் ஒட்டி மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள். 100-க்கு மேற்பட்டவற்றுக்கு வாங்கிய அனுமதி மின்னஞ்சலை அதே பையில் அச்செடுத்து வைக்க வேண்டும். எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு என்பதால் குழுவில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள்.

ட்ரோன் கொண்டுபோகிறவர்கள் போகும் நாட்டின் சட்டத்தை முதலில் பாருங்கள். மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகளில் அனுமதியின்றி உள்ளே கொண்டுவந்தாலே பறிமுதல்தான்.

6. சுங்கத் தாள்கள்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

விமானக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. உங்கள் சொந்தக் கேமராவோடு திரும்பி வரும்போது, "இதை வெளிநாட்டில் வாங்கவில்லை என்பதற்கு என்ன சான்று?" என்று சென்னையில் சுங்க அதிகாரி கேட்கலாம். சான்று இல்லையென்றால் ஏற்கெனவே வரி கட்டி வாங்கிய பொருளுக்கு மறுபடி வரி கட்டும் நிலை வரும்.

சில கருவிகள் மட்டும் கொண்டுபோகும் சிறு குழுவுக்கு எளிய வழி ஏற்றுமதிச் சான்றிதழ். கிளம்பும் நாளில், பெட்டிகளைக் கவுண்டரில் ஒப்படைப்பதற்கு முன்னால், புறப்பாட்டுப் பகுதியிலுள்ள சுங்க அதிகாரியிடம் கருவிகளைக் காட்டி வாங்க வேண்டும். சீரியல் எண்களோடு கூடிய பட்டியல் இரண்டு பிரதி, வாங்கிய ரசீதுகளின் நகல், பாஸ்போர்ட், டிக்கெட் ஆகியவை தேவை. வாடகைக்கு எடுத்த கேமராவென்றால் வாடகை நிறுவனத்தின் கடிதமும் அவர்களுடைய ரசீது நகலும் வேண்டும். அதிகாரி சீரியல் எண்ணைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எனவே எண் பொறித்த பக்கம் மேலே தெரியும்படி அடுக்குங்கள். பெட்டிகளை ஒப்படைத்துவிட்ட பிறகு போய்க் கேட்டால் பொருளைப் பார்க்காமல் சான்றிதழ் தரமாட்டார்கள்.

பெரிய குழுவுக்கு, அல்லது போகும் நாட்டில் வரியோ வைப்புத்தொகையோ கேட்பார்கள் என்றால், ஏடிஏ கார்னே வேண்டும். கருவிகளுக்கான பாஸ்போர்ட் என்று இதைச் சொல்வார்கள். இந்தியாவில் இதை வழங்குவது டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிக்கி என்ற வர்த்தக, தொழில் கூட்டமைப்பு. ஓராண்டு வரை செல்லும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை எல்லாம் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. எந்த நோக்கத்துக்கு ஏற்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். "தொழில்முறைக் கருவி" என்ற வகை போகும் நாட்டில் செல்லுமா என்று விண்ணப்பிக்கும்போதே ஃபிக்கியிடம் கேட்டுவிடுங்கள்.

செலவு இரண்டு வகை. விண்ணப்பக் கட்டணம் கருவிகளின் மதிப்பைப் பொறுத்தது. அதோடு வங்கி உத்தரவாதம் போன்ற பிணை கொடுக்க வேண்டும். பிணைத் தொகை திரும்பக் கிடைக்கும், ஆனால் கணக்கு முடியும்வரை அந்தப் பணம் முடங்கியிருக்கும். சிறு குழுக்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வங்கியில் உத்தரவாதம் வாங்கவே நாள் பிடிக்கும் என்பதால் பயணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். பட்டியல் ஒருமுறை வழங்கப்பட்டுவிட்டால் அதில் புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாது. கடைசி நேரத்தில் நண்பரிடம் இரவல் வாங்கிய லென்ஸ் பட்டியலில் இல்லையென்றால் அதற்குத் தனிச் சான்றிதழ்தான். செலவாகித் தீரும் பொருள்களையும் இதில் போட முடியாது.

கார்னே புத்தகத்தில் மஞ்சள், வெள்ளை, நீலத் தாள்கள் இருக்கும். நம் நாட்டை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மஞ்சள்; வெளிநாட்டில் நுழையும்போதும் வெளியேறும்போதும் வெள்ளை; இடைநாடு வழியே பொருள் கடந்துபோனால் நீலம். ஒவ்வொன்றிலும் முத்திரை விழுந்தாக வேண்டும். வெளிநாட்டை விட்டுக் கிளம்பும்போது வெள்ளைத் தாளில் முத்திரை வாங்காமல் வந்துவிட்டால், அந்த நாட்டின் பார்வையில் உங்கள் கருவிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. வரி கேட்டுக் கடிதம் மாதங்கள் கழித்து வரும், உங்கள் பிணையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். விடியற்காலை விமானமென்றால் அந்த விமான நிலையத்தில் சுங்க அலுவலகம் அந்நேரம் திறந்திருக்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

சுற்றுலா விசாவில் பத்துப் பெட்டிக் கருவிகளோடு போய் இறங்காதீர்கள். குடியேற்ற அதிகாரியின் முதல் கேள்வியே "என்ன வேலை?" என்பதாக இருக்கும். அழைப்புக் கடிதம், படப்பிடிப்பு அனுமதி, அதற்கேற்ற விசா மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

7. காப்பீடு: விமான நிறுவனம் தரும் இழப்பீடு போதாது

சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தால், சேதமானால் அல்லது தாமதமானால் விமான இழப்பீடு பற்றிய மாண்ட்ரியல் சர்வதேச ஒப்பந்தத்தின்படி பயணி ஒருவருக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இது 2024 டிசம்பர் 28 முதல் உள்ள வரம்பு. ஏறத்தாழ 2,000 டாலர். பெட்டிக்கு இவ்வளவு என்று நினைத்துவிடாதீர்கள், ஆளுக்கு இவ்வளவுதான். உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு 20,000 ரூபாய். ஒரு நல்ல லென்ஸின் விலைகூட இதில் அடங்காது.

பெட்டியை ஒப்படைக்கும்போது அதன் மதிப்பைக் கூட்டி அறிவித்து, அதற்கான கட்டணம் கட்டினால் வரம்பை உயர்த்திக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. ஆனால் மின்னணுக் கருவிகள், உடையும் பொருள்கள் ஆகியவற்றுக்குப் பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே பொறுப்பைத் தட்டிக்கழிக்கின்றன. "உடையக்கூடியது" என்று நீங்களே சொன்னால் பொறுப்பு விலக்குச் சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். போட்ட பின் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.

எனவே கருவிகளுக்கென்றே தனிக் காப்பீடு எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் தொழில் கருவிகளை ஏற்காது. பாலிசியில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: வெளிநாட்டிலும் செல்லுமா, விமானத்தின் சரக்கறையில் இருக்கும்போது செல்லுமா, வாடகைக் கருவிக்கும் செல்லுமா. ஆளில்லாமல் விட்ட பொருளுக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். வாடகைக் காரில் கருவியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

8. சரக்காக அனுப்பினால் மலிவா?

அதிகப் பெட்டிகள் இருந்தால் சரக்குப் பிரிவில் விலை கேட்கலாம். ஆனால் அங்கே எடை என்பது தராசு காட்டும் எடை மட்டுமல்ல. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 80×50×40 செ.மீ. பெட்டிக்கு இது 26.7 கிலோ. கூரியர் நிறுவனங்கள் பொதுவாக 5,000-ஆல் வகுக்கின்றன. அப்போது அதே பெட்டி 32 கிலோ. உள்ளே 15 கிலோதான் இருந்தாலும் கட்டணம் அந்த 32 கிலோவுக்கு. பாதி காலியாக இருக்கும் பெரிய பெட்டியைச் சரக்கில் போடாதீர்கள்.

முதலில் சொல்லும் கிலோ விலையோடு எரிபொருள் மேல்வரி, பாதுகாப்புக் கட்டணம், முனையக் கையாளும் கட்டணம், இறங்கும் ஊரில் சுங்க முகவர் கட்டணம், தாமதமானால் கிடங்கு வாடகை என்று வரிசையாகச் சேரும். "வாசலிலிருந்து வாசல் வரை, எல்லாம் சேர்த்து" என்று எழுத்தில் விலை கேளுங்கள். உதிரி லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்ப 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. எப்படியிருந்தாலும் அவை உங்கள் கையோடுதான் போகும். என் அனுபவத்தில் 100 கிலோவுக்குள் என்றால் பயணிப் பெட்டியாகக் கொண்டுபோவதே தலைவலி குறைவு.

9. கிளம்பும் நாள்

சர்வதேச விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். சுங்கச் சான்றிதழ், எடை, கட்டணம் கட்டும் தனிக் கவுண்டர், அளவில் பெரிய பெட்டிகளை ஒப்படைக்கும் தனி இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. ஒருவர் தாள்களோடும், ஒருவர் பெட்டிகளோடும் நின்றால் வேலை வேகமாக நடக்கும்.

வீட்டிலேயே ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வைத்து, எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் தராசு இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டினால் பக்கத்துக் கவுண்டரில் மறு எடை போடச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். 23 கிலோ வரம்பென்றால் 22 கிலோவில் நிறுத்திவிடுங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி சரியாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அடையாளச் சீட்டின் துண்டுகளை எண்ணி வாங்குங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் தனித்தனித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். பூட்டிய உறைகள், சுற்றிக் கட்டிய கேபிள்கள் நேரத்தை வீணாக்கும். மெமரி கார்டுகளைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டில் போட மறந்துவிடாமல், ஒரே சிறு பெட்டியில் வையுங்கள்.

10. திரும்பும் வழியும் இழப்பீடும்

திரும்பும்போது பெட்டி எப்போதும் கனமாக இருக்கும். பரிசுப் பொருள்கள் கருவிப் பெட்டியில் நுழைந்துவிடும். கருவிப் பெட்டியில் கருவி மட்டும் என்ற கண்டிப்பு தேவை. சுங்கப் பட்டியலில் இல்லாத பொருள் ஒன்று உள்ளே இருந்தால் மொத்தப் பெட்டியையும் கிளறுவார்கள். கூடுதல் எடையைத் திரும்பும் வழிக்கும் இங்கிருந்தே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அங்கே கவுண்டரில் இந்திய அட்டையைத் தேய்த்தால் நாணய மாற்றுக் கட்டணமும் சேரும்.

படம்பிடித்த காட்சிகள் உள்ள ஹார்டு டிஸ்குகள் இரண்டு பிரதியாக, இரண்டு பேரின் கைப்பையில் வரட்டும்.

சென்னையில் இறங்கியதும் ஏற்றுமதிச் சான்றிதழ் அல்லது கார்னேவோடு, சுங்கத்தில் காட்ட வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்புப் பாதைக்குப் போய் நீங்களே காட்டுங்கள். பச்சைப் பாதையில் போய் மடக்கப்பட்டால் விளக்கம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்டி வரவில்லை, உடைந்திருக்கிறது என்றால் வெளியே வருவதற்கு முன்னால் விமான நிறுவன மேசையில் பிஐஆர் எனப்படும் புகார்ச் சீட்டை எழுதி வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் பெட்டியை அங்கேயே திறந்து, கேமராவை இயக்கிப் பாருங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வழக்குப் போட இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. போர்டிங் பாஸ், அடையாளச் சீட்டுத் துண்டு, கட்டண ரசீது, பெட்டியின் படங்கள், பழுது பார்ப்பவரின் மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே நாளில் தெரிவியுங்கள். விமான நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்தால் பாலிசியின் கெடு கடந்துவிடும்.

கார்னே எடுத்தவர்கள், எல்லா முத்திரைகளும் விழுந்த பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு, மூலப் புத்தகத்தை ஃபிக்கியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிணையை விடுவிக்கும் வேலை தொடங்கும்.